மெஷினுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: பத்து வருடம் தொழிற்சாலை வேலை பார்த்தாயிற்று. இனி சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று சேமிப்பைக் கையில் வைத்திருக்கிறேன். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் மெஷின் வாங்கினால் ஆறு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று மெஷின் விற்பவர் சொல்கிறார். கூட்டுச் சேரும் என் மைத்துனர் உடனே முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறார். மனைவிக்கு விருப்பமில்லை. மறுசுழற்சித் தொழிலில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: லாபம் இருக்கிறது. பதினெட்டு வருடம் பழைய பொருள் வாங்கி விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் இப்போதைக்கு உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

மெஷின் விற்பவர் சொல்லும் ஆறு மாதக் கணக்கில் ஒரு விஷயம் சொல்லாமலே உள்ளே உட்கார்ந்திருக்கும். தினமும் ஒரே தரத்தில், சுத்தமான, காய்ந்த சரக்கு வந்து மெஷினில் விழும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். அந்தச் சரக்கு யார் வீட்டுத் தோட்டத்திலும் காய்ப்பதில்லை. அதை உண்டாக்குவதுதான் இந்தத் தொழில். மெஷின் அதற்குப் பின்னால் வருகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில், மூடி, சுற்றியிருக்கும் லேபிள் மூன்றையும் கத்தரிக்கோலால் நகம் அளவுக்குத் துண்டு போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கையால் நன்றாக அழுத்திக் கலக்கி விடுங்கள். பாட்டில் துண்டுகள் அடியில் போய்விடும். மூடித் துண்டுகள் மேலே மிதக்கும். பாட்டில் 'பெட்' என்கிற ரகம். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அதன் அடர்த்தி 1.38 அளவில், அதாவது தண்ணீரைவிடக் கனம். மூடி பெரும்பாலும் எண் 2 அல்லது எண் 5 ரகம், தண்ணீரைவிட லேசு. பெரிய ஆலைகளிலும் இப்படித் தண்ணீரில் போட்டுத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள்.

இப்போது லேபிளைப் பாருங்கள். சாதாரண மெல்லிய லேபிள் என்றால் மிதக்கும், பிரச்சினை இல்லை. சில பாட்டில்களில் கழுத்து முதல் அடி வரை தோல் போலப் பிடித்துக்கொண்டிருக்கும் உறை இருக்கும். அது பிவிசி என்கிற பிளாஸ்டிக் ரகமாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து அதுவும் அடியில் போய்விடும். தண்ணீரால் பிரிக்க முடியாது. பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிவிசி அதற்கு முன்பே சிதைந்து அமிலத்தைக் கக்கும். உருகிய சரக்கு மஞ்சளாகும், கருப்புப் புள்ளி விழும். ஒரு கைப்பிடி அளவு உறை, பாட்டிலை நறுக்கிய ஒரு மூட்டைச் செதிலையே கெடுத்துவிடும். அந்த உறையைக் கண்டுபிடித்து முன்கூட்டியே எடுத்துப் போட ஒரு ஆளின் கண்ணும் கையும்தான் வேண்டும். உங்கள் லாபம் அந்தக் கையில் இருக்கிறது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு லோடு பாட்டிலைப் பேல் கட்டி, அதாவது நசுக்கி இறுக்கிக் கட்டிய மூட்டைகளாக்கி, அனுப்பினேன். வாங்குபவர் வாசலிலேயே மூன்று பேலைப் பிரித்துப் பார்த்தார்கள். உறை போட்ட பாட்டில், எண்ணெய் டப்பா, உள்ளே தண்ணீரோடு மூடி திருகிய பாட்டில்கள். லோடு அப்படியே திரும்பி வந்தது. போக வண்டி வாடகை, வர வண்டி வாடகை, இரண்டும் என் தலையில். அவர்கள் செய்தது சரிதான்; அன்று மட்டும் அப்படித் தோன்றவில்லை.

அதனால் சரக்கு வாங்குவதற்கு முன்னால், அந்தச் சரக்கை வாங்கப்போகிறவரைப் பிடியுங்கள். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். முதலில் கொட்டகை நிறையச் சேர்த்துவிட்டு அப்புறம் யாரிடம் விற்பது என்று தேடுவார்கள். அவசரத்தில் இருப்பவன் எந்த விலைக்கும் தலையாட்டுவான் என்பது வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். குறைந்தது இரண்டு ஆலைகளுக்கு நேரில் போங்கள். எந்த ரகம் வேண்டும், ஈரம் எவ்வளவு வரை பரவாயில்லை, எதைக் கண்டால் லோடைத் திருப்புவீர்கள், பணம் எத்தனை நாளில் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஏனென்றால் சரக்கு கொண்டுவருகிறவர்களுக்கு நீங்கள் அன்றன்றே ரொக்கம் கொடுக்க வேண்டும். தள்ளுவண்டியில் சேர்த்துக் கொண்டுவருகிறவரிடம் அடுத்த மாதம் வா என்று சொல்ல முடியுமா? ஆலையோ 30 நாள், 45 நாள் என்று இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு டன் வாங்கினால் 30 டன் சரக்குக்கான பணம் எப்போதும் உங்கள் கையை விட்டு வெளியே நிற்கும். மெஷினுக்காக வைத்திருக்கும் சேமிப்பு இதற்குத்தான் தேவைப்படும். நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த கடைகள் கையில் காசில்லாமல் மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

லாபக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுக் காசாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 70-க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள். 100 கிலோவுக்கு 3000 மிச்சம் என்று காகிதம் சொல்லும். பிரித்து, மூடி கழற்றி, அழுக்கு உதறி, ஈரம் காய்ந்து ஆலையின் எடைமேடையில் ஏறும்போது அது 88 கிலோ ஆகியிருக்கும். கைக்கு வருவது 8800. வாங்கிய 7000 போனால் 1800. கூலி, வண்டி, இடத்து வாடகை, கட்டும் கம்பி எல்லாம் ஒரு 1300 என்றால் மீதி 500. மூவாயிரத்தை நினைத்து இறங்கியவருக்கு ஐந்நூறு. மோசமில்லை, தினமும் வந்தால் நல்ல தொழில்தான். ஆனால் எடை இழப்பு 12 கிலோவிலிருந்து 17 கிலோவானால் அந்த ஐந்நூறும் மொத்தமாகப் போய்விடும். ஆகவே முதலில் வாங்க வேண்டிய மெஷின் நல்ல எடை மெஷின். ஈரச் சரக்கைக் காய்ந்த விலைக்கு வாங்காத பிடிவாதமும் வேண்டும். அட்டை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அட்டை தண்ணீரைக் குடிக்கும், ஆலை அந்தத் தண்ணீருக்குக் காசு தராது.

எந்தப் பொருளில் தொடங்குவது? என்னைக் கேட்டால் அட்டையும் உலோகமும். அட்டையில் லாபம் மெல்லிசு, ஆனால் கடைகளிலிருந்து தவறாமல் வரும். உலோகத்தில் கண் பழகினால் காசு. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். அதனால்தான் அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள். காந்தம் ஒன்று, அரம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பித்தளை மாதிரி மின்னும் குழாயில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டவில்லை என்றாலும் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். வெளுப்பாகத் தெரிந்தால் அது மேல்பூச்சுப் போட்ட துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். செம்புக் கம்பியை மட்டும் ஒருபோதும் எரித்து எடுக்காதீர்கள். பிவிசி உறை எரிந்தால் டையாக்சின் என்கிற கடும் நஞ்சு வரும். தவிர எரிந்த செம்புக்கு விலையும் குறைவு. உறையைச் சீவி எடுத்த பளபளப்பான கம்பிக்குத்தான் உயர்ந்த விலை.

கார் பேட்டரி, செல்போன் பேட்டரி பக்கம் இப்போது போக வேண்டாம். ஒன்றில் ஈயம், இன்னொன்றில் தீ. அட்டைப் பேலுக்குள் ஒரு லித்தியம் பேட்டரி நசுங்கினால் கொட்டகையே போய்விடும். வாங்கும் சரக்கில் இவை ஒளிந்து வருகின்றனவா என்று தினமும் பாருங்கள். உரிமம், சுற்றுச்சூழல் அனுமதி, தீயணைப்புச் சான்று எது எது வேண்டும் என்பதை இடம் வாடகைக்கு எடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். உலோகம் விற்க வருகிறவரின் பெயர், அடையாள எண் நோட்டில் ஏறாமல் காசு கொடுக்காதீர்கள். திருட்டுக் கம்பி உங்கள் கடையில் கிடைத்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

விலை விழும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 2008-ன் கடைசியில் சில வாரங்களிலேயே ஸ்கிராப் விலை அதலபாதாளத்துக்குப் போனது. 2018-ல் சீனா இறக்குமதிக் கழிவில் அந்நியப் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அதோடு பல நாடுகளில் தரம் பிரிக்காத கழிவுத்தாளுக்கு விலையே இல்லாமல் போனது. இரண்டு தடவையும் தரம் பிரித்த சரக்கு வைத்திருந்தவர்கள் குறைந்த விலைக்காவது விற்றார்கள். கலப்புச் சரக்கை விலை ஏறட்டும் என்று பதுக்கியவர்கள் வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விலை ஏறும் என்று சரக்கைப் பிடித்து வைப்பது வேறு தொழில், அது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு.

குருணை மெஷினை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் பிரித்து விற்றுப் பாருங்கள். மாதம் எத்தனை டன் ஒரே ரகத்தில் சேர்கிறது என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும். அப்புறம் கழுவும் தண்ணீரை எங்கே விடுவது, உலர்த்துவதற்கு ஆகும் மின்கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு மெஷினைப் பற்றிப் பேசலாம். முதல் லோடு கிளம்பும் நாளில் டிரைவர் பக்கத்து சீட்டில் நீங்களே ஏறிப் போங்கள். எடைமேடையில் நில்லுங்கள், பேலைப் பிரிக்கும்போது அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். நான் சொன்னதைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லித்தரும்.

மைத்துனர் முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுத்துவிட்டிருந்தால் ரசீதில் திருப்பித் தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள்.