போயா தினத்தில் ஓர் ஓய்வு வகுப்பு

கேள்வி: அட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் முகாமையாளராக இருக்கிறேன். காலை நாலரைக்கு எழுகிறேன். மாத இறுதியில் இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்ப முடிவதில்லை. கடந்த போயா தினத்தன்று தலைமை அலுவலகம் எங்களையெல்லாம் நுவரெலியாவில் ஒரு விடுதிக்கு அழைத்து, ஓய்வும் மகிழ்ச்சியும் வேலைத்திறனைக் கூட்டும் என்று நாள் முழுவதும் வகுப்பு நடத்தியது. ஆனால் ஞாயிறு மாலை நண்பர்களோடு கரம் ஆட உட்கார்ந்தால் எனக்குக் குற்ற உணர்ச்சியே மிஞ்சுகிறது. வகுப்பில் சொன்னது உண்மையா, சோம்பலுக்குச் சூட்டிய அழகான பெயரா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அட்டன்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, பௌர்ணமிதோறும் வரும் பொது விடுமுறையான போயா. ஓய்வின் அருமையை விளக்குவதற்காக உங்கள் ஓய்வு நாளையே எடுத்துக்கொண்ட தலைமை அலுவலகத்தின் நகைச்சுவை உணர்வை மனமாரப் பாராட்டுகிறேன். வருகை கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்திருக்கும். அதிகாலைக் குளிரில் வேன் ஏறியிருப்பீர்கள். கண்களை மூடி, ஆழ்ந்து மூச்சிழுத்து, கடற்கரையொன்றை மனத்தில் காணச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் வீட்டுக் கட்டிலைக் கண்டிருப்பீர்கள். மாலையில் தேநீரும் ரோல்ஸும் தந்து, இன்று எவ்வளவு ஓய்வடைந்தீர்கள் என்பதை ஒன்று முதல் ஐந்து வரை குறிக்கும் படிவத்தை நீட்டியிருப்பார்கள். 1971ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டப்படி போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓய்வெடுக்கக் கற்றுக்கொண்டதற்கு அது கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

இலங்கை போயாவை வைத்து ஒரு பெரிய பரீட்சையே நடத்திய கதை இளைய வாசகர் பலருக்குத் தெரியாது. 1966இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைமதி நாட்கள் ஆகிய நான்கு போயாக்களும் வார விடுமுறைகளாயின. ஒரு சந்திரச் சுற்றுக்கு ஏறத்தாழ 29.5 நாட்கள் ஆவதால் அதை நான்காகப் பங்கிட்டால் ஏழு வராது. ஆகவே சில வாரங்கள் ஏழு நாளிலும் சில வாரங்கள் எட்டு நாளிலும் முடிந்தன. வெளிநாட்டு வங்கிகள் மூடியிருக்கும் நாளில் நாம் திறந்திருந்தோம், அவை திறந்தபோது நாம் மூடினோம். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமி மட்டும் பொது விடுமுறையாக எஞ்சியது. அத்தனை குழப்பத்திலும் எந்த நாளில் ஓய்வு என்பதே வழக்காக இருந்தது. ஓய்வு தேவைதானா என்பது வழக்காக இருக்கவில்லை. அதற்கும் முன், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்று எழுதி வைத்துவிட்டது. சட்டம் முடித்த வழக்கை நீங்கள் ஞாயிறு மாலைகளில் உங்கள் மனத்துக்குள் மறுபடி விசாரிக்கிறீர்கள்.

வகுப்பில் சொன்னது உண்மையே. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய ஆயுதத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் விடாது வேலை நடந்தது. வேலை செய்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். அவர்களுடைய களைப்பை ஆராய அரசே 1915இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு, 2014இல் பொருளியலாளர் ஜோன் பென்கவெல் புதிதாகக் கணக்கிட்டார். வாரம் 50 மணி நேரத்தை நெருங்கும்வரை நேரத்துக்கேற்ப உற்பத்தி கூடியது, அதற்கப்பால் தளர்ந்தது. 70 மணி நேர வாரத்தின் உற்பத்தி 56 மணி நேர வாரத்தின் உற்பத்தியிலிருந்து பெரிதாக வேறுபடவேயில்லை. இடையிலுள்ள அந்த 14 மணி நேரத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள்: திறந்த கோப்பின் அதே பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும் நேரம் அது.

தூக்கத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 2003இல் வெளிவந்த பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் இரண்டு வாரம் நாளுக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனமும் நினைவும், ஓர் இரவு முற்றாகக் கண்விழித்தவர்களின் நிலைக்கு இணையாகச் சரிந்தன. அவர்களில் பெரும்பாலோர் தாம் அவ்வளவு தளர்ந்துவிட்டதை உணரவேயில்லை என்பதே அதில் அஞ்சத்தக்க செய்தி. ‘எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும்’ என்று பெருமை பேசுபவரின் சாட்சியத்தை ஏற்க முடியாதது இதனால்தான். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் உடல் எதிர்வினைகள், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவருடையதைப்போல் மந்தமாகும் என்று 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நாலரைக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் பனிமூட்ட வளைவுகளில் வண்டியோட்டி வீடு சேரும் நீங்கள் அந்த எல்லையை அரை மணி நேரத்தால் தாண்டியவர். அதற்குச் சற்று முன், ஒன்பதரைக்கு நீங்கள் கையொப்பமிட்ட கடன் விண்ணப்பங்களைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

நான்கு மணிக்கு எழுபவனே வெல்வான் என்று முழங்கும் மேடைப் பேச்சாளர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. தேயிலைத் தோட்டத்தில் தப்புப் பறையின் சத்தத்துக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்து, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதிகாலையில் எழும் கலையைக் கற்பிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தப் பேச்சாளர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பதை இதுவரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நீங்கள் தோட்டத்தில் பிறந்தவரா என்று எழுதவில்லை. பிறந்திருந்தால் உங்கள் குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற கணக்கைக் கேட்டு வளர்ந்த வீட்டில், கை சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அரைப்பேராகவே தோன்றும். தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்த முதல் தலைமுறைக்கு, அம்மா ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காத நாற்காலியில் தான் சாய்ந்திருப்பது நன்றிகெட்டதனமாகவும் படலாம். ஆனால் அதே தோட்டத்தில் தேயிலைச் செடியை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொழுந்து பறிப்பதை நிறுத்தி அந்த மலையை ஓய விடுவார்கள். இலைகள் செய்யும் உணவு வேரில் மாச்சத்தாகச் சேர்ந்தால்தான், கிளைகளை இழந்த செடி மறுபடி துளிர்க்கும். சேராத செடி வெட்டுக்குப் பின் பட்டுப்போகக்கூடும். வேரின் ஒரு துண்டைச் சீவி, அயடீன் கரைசலை இட்டு, கருநீலம் பிடிக்கிறதா என்று சோதித்த பின்பே கத்தியை எடுப்பது முறை. செடி சோம்பிக் கிடக்கிறது என்று எந்தத் துரையும் கணக்கப்பிள்ளையைக் கடிந்துகொள்வதில்லை.

மகிழ்ச்சிக்கும் ஆதாரம் உண்டு, அதுவும் உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான ஆதாரம். பிரித்தானியாவின் வார்விக் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைப் பத்து நிமிட நேரம் ஈரிலக்க எண்களை ஐந்தைந்தாகக் கூட்டச் சொன்னார்கள். முன்னதாக நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அண்மைய ஆண்டுகளில் குடும்பத்தில் சாவையோ கடும் நோயையோ கண்டவர்கள் குறைவாகச் செய்தார்கள்.

எனினும் வகுப்பு நடத்தியவர்களோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. வேலைத்திறன் கூடும் என்பதற்காகக் கரம் ஆடுபவர் கரம் பலகையிலும் வேலைதான் செய்கிறார். சிவப்புக் காயைப் போட்டதும் அவர் நினைவுக்கு வருவது திங்கட்கிழமை இலக்காகவே இருக்கும். வேலை நேரத்துக்கு வெளியே வேலையை மனத்திலிருந்து இறக்கிவைப்பவர்களே களைப்பிலிருந்து நன்றாக மீள்கிறார்கள் என்று ஜேர்மன் உளவியலாளர் சபின் சொனென்டாக் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். ஞாயிறு மாலை கிளையின் வாட்ஸ்அப் குழுவை மூடாமல் ஆடும் ஆட்டத்தால் உங்கள் நிறுவனத்துக்குக்கூட இலாபமில்லை. ஒருவேளை 12 சதவீதம் கூடாவிட்டாலும் ஞாயிறு மாலை உங்களுடையதே. அதற்குப் பற்றுச்சீட்டு யாரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஓர் ஆள் குறைகிறார். மாத இறுதியில் முகாமையாளர் இரவு நெடுநேரம் வரை இருந்தால் கிளையில் வேறு எவரும் ஐந்து மணிக்கு எழுந்து போக மாட்டார்கள். மஸ்கெலியாப் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ போக வேண்டிய உங்கள் காசாளருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டறிந்து, அடுத்த மாத இறுதி வேலையை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.