கருங்காலி மாலை, வாட்டில் பலகை: எதப் பாத்து வாங்குறது?

கேள்வி: அண்ணே, ஹட்டன் பஜார்ல 3,500 ரூபா குடுத்து 108 மணி கருங்காலி மாலை வாங்குனேன். "நம்ம நாட்டு அக்கேசியா, 100 வருஷ மரம், வளையம்கூட தெரியும் பாருங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு. மணி நல்ல கரிக்கட்ட மாதிரி கருப்பு. தண்ணில போட்டா மூழ்குது, தண்ணியும் செவக்குது. யூடியூப்ல அப்படின்னா ஒரிஜினல்ங்கிறாங்க, வீட்டுக்காரரு ஏமாந்துட்டேன்னு சிரிக்கிறாரு. எது சரி? - தலவாக்கலை வாசகி

பதில்: தங்கச்சி, வீட்டுக்காரரு சிரிச்சது சிரிச்சதாவே இருக்கட்டும், மொதல்ல பேரு குழப்பத்த பாப்போம். கருங்காலின்னு நம்மாளுங்க ரெண்டு மரத்த சொல்றாங்க. ஒன்னு சிங்களத்துல களுவரன்னு சொல்றது, அதோட வைரம்தான் (மரத்து நடுவுல உள்ள கெட்டிக் கட்டை) நெசமாவே கருப்பு, ஆனா அது அக்கேசியா கிடையாது. இன்னொன்னு சிங்களத்துல கிஹிரிய, நம்ம பக்கம் செங்கருங்காலி, இதுதான் அக்கேசியான்னு பழக்கத்துல சொல்ற வேல மரத்து சாதி, முள்ளு இருக்கும். வெத்தலைக்கு போடுற காசுக்கட்டி இதோட நெருங்குன சொந்தக்கார மரத்து வைரத்த காய்ச்சி எடுக்குறது. இதோட வைரம் கருஞ்செவப்பு. அதனால "அக்கேசியா"ன்னும் சொல்லி கரிக்கட்டையாட்டம் மணியும் குடுத்தா ஒன்னு பேரு பொய், இல்லன்னா கலரு பொய்.

தண்ணி செவக்குறது செங்கருங்காலிக்கு சரிதான், வைரத்துல உள்ள துவர்ப்புச் சாறு கரையும். ஆனா இந்த டெஸ்ட் ஊருக்கே தெரிஞ்சு போச்சே, சாயம் போடுறவனுக்கு தெரியாதா? மூழ்குறதும் அப்படித்தான், களுவரயும் மூழ்கும். ஒரே ஒரு மணிய தியாகம் பண்ணுங்க, நடுவுல அறுத்து பாருங்க. வெளிய கருப்பு உள்ள வெளிறிப்போய் இருந்தா சாயம், கதை முடிஞ்சிது.

உள்ள வெளிறாம கருப்பாவோ கருஞ்செவப்பாவோ இருந்தா, வெட்டுன முகத்த பிளேடால வழுவழுன்னு சீவி ஒரு லென்ஸ் வச்சு பாருங்க, நூல் கோக்குற ஓட்டை இருக்குற பக்கம்தான் பல நேரம் குறுக்குவெட்டு. வேல மர சாதில நீர் ஏறுன குழாயெல்லாம் சின்னச் சின்ன துளையா மரம் பூரா சிதறி கிடக்கும், ஒவ்வொரு துளைய சுத்தியும் வெளிறுன திசு இருக்கும், சிலதுல அது ரெண்டு பக்கமும் நீண்டு கண்ணுக்கு மை இழுத்து விட்ட மாதிரி தெரியும். களுவரைல துளை ரொம்ப பொடிசு, இந்த "கண்ணு" இருக்காது.

100 வருஷ வளையம்ங்கிறது சுத்த ரீல். கிஹிரிய நம்ம குளிர்ல வளர்ற மரம் இல்ல, உலர் வலயத்து மரம், அங்க பனிக்காலம்னு ஒன்னு வந்து வளர்ச்சிய நிறுத்தி கோடு போடுறதில்ல, அதனால இந்த சாதில வளையம் தெளிவா விழாது, விழுந்தாலும் வருஷத்துக்கு ஒன்னுன்னு நம்ப முடியாது. அதுலயும் ஒரு சின்ன மணில 100 வளையமா!

எங்க அம்மாச்சி உலக்கை செங்கருங்காலி. கீழ இரும்பு பூண் போட்ட இடத்துல மட்டும் மரம் மசியூத்துன மாதிரி கருப்பா இருக்கும், மேல எல்லாம் செவப்பு. சின்ன வயசுல கருகிருச்சின்னு நெனச்சேன், அது துவர்ப்பும் இரும்பும் சேந்து விழுந்த கறை. பழைய உலக்கை யாராவது வித்தா நான் பூண் பக்கத்ததான் மொதல்ல பாப்பேன்.

சாயம்னு தெரிஞ்சா பில்லோட போய் காச கேளுங்க. குடுக்கலன்னா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977ங்கிற நம்பருக்கு போன் பண்ணுங்க, வாங்கி 3 மாசத்துக்குள்ள புகார எழுத்துல குடுத்துருங்க. பில் வாங்கலன்னா... அடுத்த தடவ வாங்குங்க.

கேள்வி: லயத்துக்கு பின்னாடி மஞ்சப்பூ பூக்குற வாட்டில் மரம் நிக்குது. அதுவும் அக்கேசியாதானாம், அப்ப கடைல வியட்நாம் அக்கேசியா மேசைக்கு எதுக்கு அவ்ளோ காசு, இதையே அறுத்தா என்ன? - நானுஓயா வாசகர்

பதில்: தம்பி, அக்கேசியாதான், சொல்லப்போனா இப்ப அதுக்குத்தான் அந்த பேரு. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டுல அக்கேசியாங்கிற பேர ஆஸ்திரேலியா மரங்களுக்கு விட்டுட்டாங்க, 2011 மெல்பர்ன்ல அதையே உறுதி பண்ணிட்டாங்க. நம்ம வெள்வேல், மன்னார் குடைவேல் எல்லாம் இப்ப வச்செல்லியாங்கிற பேருக்கும், கிஹிரிய செனகாலியாங்கிற பேருக்கும் போயிருச்சு. வெள்ளக்காரன் காலத்துல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில் பேர தக்க வச்சிக்கிச்சு.

ஆனா வாட்டில்லயும் சாதி இருக்கு. பட்டைல துவர்ப்பு உள்ளது, இலை புளிய இலை மாதிரி பொடிசா இருக்கும், அது தோல் பதனிடவும் வெறகுக்கும்தான் பேர் போனது, பலகையா அறுத்து அவசரமா காய வச்சா வெடிக்கும். இலை நீட்டமா அருவா வளைவுல இருந்தா (அது இலையே இல்ல, இலைக்காம்பு தட்டையானது, கன்னுல பாத்தா நெசமான பொடி இலையும் சேந்தே இருக்கும்) அது பிளாக்வுட், நல்ல மேசை மரம். வியட்நாம் சாமான் பெரும்பாலும் மாஞ்சியம்ங்கிற அக்கேசியா சாதியோட கலப்பு மரம், வேகமா வளர்ற தோட்ட மரம், மோசமில்ல, ஆனா அடிப்பக்கத்த திருப்பி வெள்ள நிற ஓரம் எவ்ளோன்னு பாருங்க, பூச்சி மொதல்ல அங்கதான் வரும்.

மரம் தோட்டத்து நிலத்துல நின்னா மேனேஜர்கிட்ட கேக்காம கத்தி வைக்காதீங்க. லாரில ஏத்துறதுக்கு பெர்மிட் வேணுமான்னும் கேட்டுக்குங்க.