குழந்தை பால் குடிப்பதைப் பாருங்கள்: இதயக் குறை பற்றிக் கேள்வி பதில்

பிறந்தபோது இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனால் இரைச்சல் கேட்கிறது என்கிறார்கள். முதலில் பார்த்தவர் கவனிக்கவில்லையா?

அவர்மீது தப்பில்லை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தாலும், பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம். அதனால் ஓட்டை வழியே ரத்தம் வேகமாகப் பாயாது, சத்தமும் வராது. அந்த அழுத்தம் சில வாரங்களில் இறங்கிய பிறகுதான் இரைச்சல் கேட்கும். சின்ன ஓட்டைதான் பெரும்பாலும் அதிகம் சத்தம் போடும். எனவே சத்தத்தை வைத்துப் பயப்படாமல் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்துவிடுங்கள்.

இரண்டு மாதக் குழந்தை. பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, எடை ஏறவில்லை. எனக்குப் பால் போதவில்லை என்கிறார் மாமியார்.

அம்மா, உங்கள் பால்மீது பழி போட வேண்டாம். அடுத்த முறை கொடுக்கும்போது முகத்தையே பாருங்கள். நாலு வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்தி மூச்சு வாங்குகிறதா? ஃபேன் ஓடியும் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கிறதா? அப்புறம், அது தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இதயக் குறையை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் பால் கொடுக்கும் தாய்தான். அவள் சொல்வதைத் தட்டிவிடுவது எனக்குப் பொறுக்காது.

குளிப்பாட்டியதும் கைகால் நீலமாகிறது.

குளிரில் அப்படி ஆகும். நாக்கைப் பாருங்கள். நாக்கும் ஈறும் நீலமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பதும் இதற்காகத்தான். 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, இரண்டுக்கும் நடுவே மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்ப்பார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் குறுகியிருப்பது (பெருந்தமனி சுருக்கம்) இதிலும் தப்பிவிடலாம். அதனால் தொடை இடுக்கில் நாடியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்கோவில் கதிர்வீச்சு உண்டா?

கிடையாது. கர்ப்பத்தில் எடுக்கும் ஸ்கேன் போலத்தான், வலிக்காது.

முதல் குழந்தைக்கு ஓட்டை. இப்போது மறுபடி நான்காம் மாதம்.

18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுங்கள். சாதாரண ஸ்கேன் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

செலவுக்கு வழியில்லை, டாக்டர்.

தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறவி இதயக் குறையும் அடக்கம், 18 வயது வரைக்கும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.