நம் எம்.பி. எப்படி வாக்களித்தார், யாரிடம் பணம் வாங்கினார் என்று அறிய முடியுமா?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார், அவருக்கு யார் யார் நன்கொடை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு, கடலூர், புதுச்சேரி எம்.பி.க்களைப் பற்றியும் அப்படி அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச் செய்தியைப் படிப்பவராக இருக்க வேண்டும். பாதி அறியலாம். மறுபாதி இருக்கும் பதிவேட்டை ஒருமுறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன் என்பதால்தான் பதில் சொல்ல வந்தேன்.

எளிதான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினரின் வருகை, அவர் எழுப்பிய வினாக்கள், அமைச்சர் தந்த விடைகள், கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாம் உள்ளன. வினாக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை எதைப் பற்றியவை என்று பாருங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீடும் வேலையும் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்திடம் கேட்க வேண்டியவை. அதைக் கேட்க எம்.பி.யை விட்டால் வேறு ஆள் கிடையாது. தெருவிளக்குக்கு அவரைக் கேட்டுப் பயனில்லை. பேருந்து நிழற்குடையில் நிழற்குடையைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர் இருக்கிறதே, அதையும் சாதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி என்பது அரசுப் பணம். அவர் பரிந்துரை மட்டும் செய்கிறார், வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம்.

வாக்களிப்பு விஷயத்தில்தான் அமெரிக்க ஒப்பீடு உடைந்துபோகிறது. பெரும்பாலான மசோதாக்கள் இங்கே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ‘ஆம்’ என்றார், யார் ‘இல்லை’ என்றார் என்பதற்குப் பதிவே இருக்காது. 2021 நவம்பர் 29 அன்று மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற்றதுகூடக் குரல் வாக்கெடுப்பில்தான், அதுவும் விவாதமின்றி. 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவாக 454 பேரும் எதிராக 2 பேரும் வாக்களித்ததை நாம் அறிவதற்குக் காரணம், அது அரசமைப்புத் திருத்தம் என்பதால் எண்ணியாக வேண்டியிருந்தது. எண்ணினாலும், இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு உண்டு. அதை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போய்விடும். ஆகவே உங்கள் எம்.பி.யின் வாக்கு பெரும்பாலும் அவருடைய கட்சியின் வாக்குதான்.

இனிப் பணம். ஆண்டையும் தொகுதியையும் கட்சியையும் சொல்ல மாட்டேன்; கேட்டு எழுதாதீர்கள். நான் அப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் வழியாக, இந்தப் பகுதியில் போட்டியிட்ட ஒரு மக்களவை வேட்பாளரின் செலவுப் பதிவேட்டை எழுதும் வேலை வந்தது. வேட்பாளருக்குத் தரப்படும் அந்தப் பதிவேட்டில் மூன்று நிறத்தில் பக்கங்கள் இருக்கும்: அன்றாடச் செலவுக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். பிரசார நாட்களில் மூன்று முறை, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்களிடம் நிழல் பதிவேடு என்று தனியாக ஒன்று இருக்கும். நம் கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலிகளை எண்ணி, மாவட்டத்தில் நிர்ணயித்த வாடகையால் பெருக்கி அதில் எழுதிவைத்திருப்பார்கள்.

இரண்டாம் முறை போனபோது ஒரு பொதுக்கூட்டத்துக்கு நான் எழுதியிருந்தது 400 நாற்காலி, அவர்களிடம் 1,100. பந்தல்காரர் கொடுத்த சீட்டில் 400 என்றுதான் இருந்தது. அருகில் நின்ற தேர்தல் முகவர், “மீதி நாற்காலியெல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டதுங்க ஐயா” என்றார். ஒரே நிறத்தில் 700 பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருக்கும் தெரு கடலூரில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்.

“அப்படியானால் நீயும் பொய்க்கணக்கு எழுதியவன்தானே” என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: நான் எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் சீட்டு இருந்தது. சீட்டே வராத செலவுகள் இருந்தன என்பது எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு உரிய இடம் அந்தக் கணக்கின் கடைசிப் பகுதி. வேட்பாளரின் சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி தந்தது எவ்வளவு, பிறர் தந்தது எவ்வளவு, தந்தவர் பெயர் என்ன என்று எழுதுவதற்கு அங்கே இடம் உண்டு. டீக்கும் மாலைக்கும் பக்கம் பக்கமாக எழுதிய நான், அந்தப் பகுதியில் எழுதியவை இரண்டே வரிகள்: சொந்தப் பணம், கட்சி நிதி. அமெரிக்காவில் மொத்தமாக 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரையும் தொழிலையும் வேட்பாளரின் பிரசாரக் குழுவே தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். இங்கே நன்கொடையாளர் கட்சிக்குக் கொடுக்கிறார், கட்சி வேட்பாளருக்குக் கொடுக்கிறது, நன்கொடையாளரின் பெயர் கட்சி அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு உண்டு. இப்போது தமிழ்நாட்டில் 95 லட்சம், புதுச்சேரியில் 75 லட்சம். கட்சிக்கு உச்சவரம்பே இல்லை. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அந்தப் பயணச் செலவு சட்டப்படி வேட்பாளர் கணக்கில் ஏறாது.

ஆகையால் வாக்கைப் போலவே பணத்தையும் கட்சியிடம்தான் தேட வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தருகின்றன. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, எவர் வாங்கிய பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதும் வெளியானது. மிக அதிகமாகப் பெற்றது பா.ஜ.க.; மிக அதிகமாக வாங்கியது கோயம்புத்தூரின் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குச் சென்றது, தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 தேர்தலில் தி.மு.க. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததுகூட, கட்சி தாக்கல் செய்த கணக்கிலிருந்துதான் தெரியவந்தது. நான் எந்தக் கட்சிக்கும் வேண்டாதவன் அல்லன். தாளில் இருப்பதைச் சொல்கிறேன்.

வேட்பாளரின் கணக்கையும் நீங்கள் பார்க்கலாம். முடிவு அறிவித்த 30 நாளில் வென்றவரும் தோற்றவரும் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 88-ஆவது விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் பார்வையிடலாம். நான் எழுதிய கணக்கில் பந்தல்காரர் இருக்கிறார், டீக்கடைக்காரர் இருக்கிறார், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியவரும் இருக்கிறார். பதிவேடு எழுதியதற்காக எனக்குப் பேசிய 8,000 ரூபாயை மட்டும் ‘எலெக்‌ஷன் முடியட்டும் தம்பி’ என்று தள்ளிப்போட்டார்கள். வேட்பாளர் தோற்றதும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறர் தந்த உதவி என்ற இடத்தில் உண்மையில் எழுத வேண்டியிருந்த பெயர்களுள் என் பெயரும் ஒன்று.