ஒரே வரைபடத்தில் எழுத்தறிவு, பாலின விகிதம் இரண்டையும் மாவட்ட வாரியாக நிறத்தால் காட்டுவது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தமிழ்நாட்டுக்கு இதே வரைபடத்தை ஒருமுறை போட்டேன். முதல் தடவை சொதப்பினேன். அதையே சொல்கிறேன்.

நிறம் கலக்கும் வேலை சுலபம். எழுத்தறிவு கூடக்கூட வெளிறிய சாம்பலிலிருந்து நீலப்பச்சை வரைக்கும் ஒரு அடுக்கு. பாலின விகிதத்துக்கு அதே சாம்பலிலிருந்து இளஞ்சிவப்பு வரைக்கும் இன்னொன்று. இரண்டு கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல. கியூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட மென்பொருளில் மேலடுக்கின் பிளெண்டிங்கை (நிறம் கலக்கும் முறையை) 'மல்டிப்ளை' என்று மாற்றினால் போதும், இரண்டும் கூடிய இடம் கருநீலமாகிவிடும். சிவப்பு, பச்சை ஜோடி மட்டும் வேண்டாம். கலந்தால் சேற்று நிறம் வரும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்களும் நிறையப் பேர்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, மொத்தம் 9 நிறம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 1970களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நாலுக்கு நாலு, 16 நிறத்தில் இப்படி வரைபடங்கள் வெளியிட்டது. படிப்பவர்கள் திணறுகிறார்கள் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது.

நான் சறுக்கியது எங்கே என்றால், மூன்று நிலையாக வெட்டுவதை மென்பொருளிடமே விட்டதில்தான். மாவட்டங்களை வரிசைப்படுத்தி மூன்று சம பங்காக அது பிரித்துவிட்டது. 1000 ஆண்களுக்கு 989 பெண்கள் உள்ள சென்னையும் 946 உள்ள தர்மபுரியும் ஒரே கூடையில்! 990 உள்ள மதுரை அடுத்த கூடையில். ஒரு ஆள் வித்தியாசத்துக்கு நிறம் மாறுகிறது, 43 ஆள் வித்தியாசத்துக்கு மாறவில்லை. பிறகு எண்களை உட்கார்ந்து பார்த்து 970, 1000 என்று நானே வெட்டினேன். 970-க்குக் கீழே வந்தவை தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரி மூன்றுதான். மூன்றும் ஒட்டியொட்டி இருக்கும் மாவட்டங்கள். எழுத்தறிவுக்கு 75, 85 சதவீதம்.

அடுத்த தப்பை என் மேலதிகாரி கண்டுபிடித்தார். படத்தைப் பார்த்ததும், "கன்னியாகுமரியில என்னங்க பிரச்சனை?" என்றார். ஒரு பிரச்சனையும் இல்லை, எழுத்தறிவு 91.75 சதவீதம், பாலின விகிதம் 1019. இரண்டும் அதிகம் என்பதால் அங்கே கருநீலம். கண் முதலில் அடர்ந்த நிறத்துக்குத்தானே போகும்? நான் காட்ட நினைத்த தர்மபுரியோ வெளிறிய சாம்பலில் காணாமல் போயிருந்தது. இரண்டு அச்சையும் திருப்பிப் போட்டேன். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கூடினால் நீலப்பச்சை, பெண்கள் குறைந்தால் இளஞ்சிவப்பு. அந்த மூன்று மாவட்டமும் ஒரே கருநீலத் திட்டாக எழுந்து நின்றது.

லெஜண்டை, அதாவது எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் 9 கட்டத்தை, சதுரமாக வைக்காமல் 45 பாகை திருப்பி வைரம் போல் நிறுத்துங்கள். நாலு முனையிலும் எண்ணுக்குப் பதில் வார்த்தை எழுதுங்கள்: 'படிப்பும் குறைவு, பெண்களும் குறைவு' என்கிற மாதிரி. சென்னை புள்ளியளவுதான் தெரியும், ஓரத்தில் பெரிதாக்கிப் போட வேண்டிவரும். இன்னொன்று, 2011-இல் 32 மாவட்டம், இப்போது 38. இன்றைய எல்லைக் கோப்பை எடுத்துக்கொண்டு 2011 எண்ணை இணைத்தால் தென்காசியும் மயிலாடுதுறையும் வெற்றிடமாக நிற்கும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு முன்னால் இரண்டையும் தனித்தனிச் சின்னப் படமாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றே போதும், கலப்பு வீண்வேலை. முரண்படும் மாவட்டங்கள் இருந்தால்தான் இந்த வகைப் படத்துக்கு வேலை. எனக்கு அது அரியலூர். எழுத்தறிவு 71.34 சதவீதம், கிட்டத்தட்ட அடிமட்டம். பாலின விகிதமோ 1015. சுத்த நீலப்பச்சையில் பளிச்சென்று தெரிந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு, ஒரு சந்தேகத்தில் 6 வயது வரையிலான குழந்தைகளின் பாலின விகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மாநிலச் சராசரி 943. அரியலூர் 900-க்கும் கீழே. அதே மாவட்டம் அடுத்த படத்தில் கருநீலம்.