காசில்வேனியா: முதல் கட்டத்து மீன் மனிதன்

வணக்கம் நண்பரே. காசில்வேனியா வீடியோ கேமின் முதல் கட்டத்தில், உயிர்ப்பட்டை (மிச்ச உயிரைக் காட்டும் கோடு) முக்கால்வாசி இருந்தும் நிலவறைத் தண்ணீரில் விழுந்து செத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொல்வது அங்கே வரும் எதிரியான மீன் மனிதன் துப்பும் நெருப்பு அல்ல, அடிபட்டதும் நாம் ஆட்டும் வீரன் சைமன் பின்னால் தூக்கி எறியப்படுவதுதான். தண்ணீரில் விழுந்தால் பட்டை எவ்வளவு இருந்தாலும் உயிர் போய்விடும். 1986இல் வந்த இந்த ஆட்டத்தில் தாவிய பிறகு திசையை மாற்றவும் முடியாது.

அதனால் ஓடாதீர்கள். மேடையின் நடுவில் நில்லுங்கள், முதுகுப் பக்கம் தரை இருக்கட்டும். மீன் மனிதன் நீரிலிருந்து செங்குத்தாக எழும்பி, மேடையில் இறங்கி, கொஞ்சம் நடந்து, நின்றுதான் துப்புவான். இறங்கிய உடனே சாட்டையை வீசுங்கள். துப்பிவிட்டாலும் பதற வேண்டாம், நெருப்புருண்டையைச் சாட்டையாலேயே அடித்து அழிக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை!

அவன் எழும்பும்போது மட்டும் இடைவெளியைத் தாண்டவே தாண்டாதீர்கள். நடுவானில் மோதினால் நேராகத் தண்ணீர்தான். இறங்கவிட்டு, அடித்துவிட்டு, பிறகு தாவுங்கள். அங்கேயே நின்று எல்லோரையும் தீர்க்கப் பார்ப்பதும் வீண், புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று: செத்தால் சாட்டை பழைய குட்டைத் தோல்சாட்டையாகிவிடும். மறுமுயற்சியில் மெழுகுவர்த்திகளை உடைத்து, விழுவதை எடுத்துச் சாட்டையை நீளமாக்கிக்கொண்டே கீழே இறங்குங்கள்.