லட்சத்தீவில் நாலு ஓட்டல் கட்டினால் என்ன?

கேள்வி: நம் ஆட்கள் மாலத்தீவுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதே கடலும் மணலும் லட்சத்தீவிலும் இருக்கிறதே! தீவுக்கு நாலு ஓட்டல் கட்டினால் அந்தப் பணம் இங்கேயே தங்காதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கடல் அதேதான், சரி. இடம்? லட்சத்தீவின் 36 தீவுகளையும் கூட்டினாலே 32 சதுர கிலோமீட்டர்தான். ஆள் குடியிருக்கும் 10 தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்போதே 64,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஊரே கிடையாது. ஒரு காலித் தீவை அப்படியே ஒரு விடுதிக்குக் கொடுத்துவிட அவர்களால் முடிகிறது. நீங்கள் கட்டச் சொல்வதோ அடுத்தவர் வீட்டுக் கொல்லையில்!

அப்புறம் தண்ணீர். அங்கே மலை இல்லை, ஆறு இல்லை. மழைநீர் பவள மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீர்மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மோட்டார் போட்டு இழுத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் தலைநகர்த் தீவான கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தது. நாளுக்கு 1 லட்சம் லிட்டர். ஊருக்கே அவ்வளவுதான் என்று அளந்து அமைத்த ஆலை. நீச்சல் குளத்தோடு உங்கள் ஓட்டல்கள் வந்தால் குடத்தோடு நிற்பவருக்கு என்ன பதில்?

விவசாயம் என்றால் தென்னை. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பு பாய்மர ஓடங்களில் கயிறும் கொப்பரையும் ஏற்றிப்போய், மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் அரிசி வாங்கி வந்தார்கள். இன்றும் அரிசி கப்பலில்தான் வருகிறது. இன்னொரு பிழைப்பு சூரை மீன். அதை வலை போட்டு அள்ளுவதில்லை. பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத நீரில் பொடிமீன்களை உயிரோடு பிடித்து, வெளிக்கடலில் இரையாக இறைத்து, தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். நம் கடைகளில் மாசி என்று விற்கிறதே, அந்த மீன்தான். ஓட்டல்காரர்கள் மரக்கால் நட்டு நீர்க்குடில் கட்டக் கண் வைப்பதும் அதே ஆழமில்லாத நீரில்தான். பொடிமீன் போனால் சூரையும் இல்லை. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறி ஏற்கெனவே பவளம் வெளுத்துச் செத்திருக்கிறது, அது வேறு.

போக்குவரத்தைக் கேட்கவே வேண்டாம். விமானம் இறங்குவது அகத்தி என்ற தீவில் மட்டும்தான், அதுவும் சிறிய விமானம். மற்றபடி கொச்சியிலிருந்து கப்பல். வழக்கமான கப்பலில் 14 மணி நேரத்துக்குக் குறையாது. தீவுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போக நம்பியிருப்பது அதே கப்பலை. முதலில் கூடுதல் கப்பல் விடச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்குள்ள அரசுச் சுற்றுலாத் துறையின் ‘சமுத்திரம்’ திட்டத்தில் பகலில் தீவைச் சுற்றிவிட்டு, இரவில் கப்பலிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். இடமும் தண்ணீரும் இல்லாத ஊருக்கு யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. முன்அனுமதி வாங்கிக்கொண்டு அதில் ஒருமுறை போய்வாருங்கள். ஓட்டல் எங்கே கட்டலாம் என்று வந்து சொல்லுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.